எட்டுக்கும் அறுபதுக்கும் நடுவே ஓர் இறால்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். வானியற்பியலில் பிஎச்.டி. முடித்து, இரண்டு இடத்தில் போஸ்ட்டாக் இருந்துவிட்டு, இப்போது உதவிப் பேராசிரியர் வேலைகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டு அப்பா வீட்டில் இருக்கிறேன். பத்து வருடத்தில் 14 கட்டுரைகள். கூகுள் ஸ்காலரில் மொத்த சைட்டேஷன் (கட்டுரைகள் என் கட்டுரைகளை எடுத்தாண்ட எண்ணிக்கை) 263, ஹெச்-இண்டெக்ஸ் 9 என்று காட்டுகிறது. ஏடிஎஸ் என்ற வானியல் கட்டுரைத் தளத்தில் 215, 8. விண்ணப்பத்தில் எதைப் போடுவது? போன இன்டர்வியூவில் ஒருவர், "உங்க பேட்ச்ல ஒருத்தருக்கு 60-க்கு மேல இருக்கு, உங்களுக்கு எட்டுதானா?" என்று கேட்டார். அந்த நண்பர் ஈர்ப்பலை (பெரிய விண்பொருள்கள் மோதும்போது காலவெளியில் எழும் அதிர்வு) ஆய்வுக் குழுவில் இருக்கிறார். இன்னொன்று: மூன்று வருடம் உழைத்து எழுதிய என் கட்டுரைக்கு 6 சைட்டேஷன், இரண்டே மாதத்தில் போட்ட விண்மீன் பட்டியலுக்கு 94. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா, "94 பாஸ், 6 ஃபெயில்" என்கிறார். சீனியர் ஒருவர், "என் பேப்பர்ல உன் பேர், உன் பேப்பர்ல என் பேர், வருஷத்துக்கு நாலு தேறும்" என்கிறார். சரியென்று சொல்லிவிடலாமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

நான் விஞ்ஞானி இல்லை, அம்மா. விஞ்ஞானிகள் எழுதியதை அடுக்கி, எண்ணி, யார் யாரை எடுத்தாண்டிருக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்துக் கொடுத்த நூலகர். 29 வருடம் அதுதான் வேலை. இப்போது முத்தியால்பேட்டையில், பேரனைப் பள்ளியில் விட்டுவந்த பிறகு கிடைக்கிற நேரத்தில் இந்தப் பகுதிக்கு எழுதுகிறேன். நீங்கள் அனுப்பியிருந்த இரண்டு பக்கங்களையும் இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன்.

அப்பாவிடமிருந்து தொடங்குகிறேன். பேரேடு எழுதிப் பழகியவருக்கு விளங்கிவிட்டால், தேர்வுக் குழுவுக்கு விளக்குவது சுலபம். ஒரு தாளில் உங்கள் 14 கட்டுரைகளின் சைட்டேஷன்களை, ஏடிஎஸ் காட்டுகிறபடி, பெரியதிலிருந்து சிறியதாக எழுதச் சொல்லுங்கள். 94, 31, 22, 17, 12, 10, 9, 8, 6, 3, 2, 1, 0, 0. இப்போது இடமிருந்து எண்ணிக்கொண்டே போகட்டும். எட்டாவது இடத்தில் 8 இருக்கிறது. ஒன்பதாவது இடத்தில் 9 இருக்க வேண்டும், ஆனால் 6 தான் இருக்கிறது. அதனால் எட்டோடு நிற்கிறது. இவ்வளவுதான் ஹெச்-இண்டெக்ஸ். 2005-ல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் முன்வைத்த கணக்கு. நிறைய எழுதி யாரும் படிக்காதவரையும், ஒரே ஒரு கட்டுரையில் புகழ் பெற்று அப்புறம் ஒன்றும் எழுதாதவரையும் இது கொஞ்சம் அடக்கிவைக்கும் என்பது அவர் எண்ணம்.

தாளைக் கீழே வைத்துவிட வேண்டாம். அந்த 94-ஐ அடித்துவிட்டு 900 என்று எழுதச் சொல்லுங்கள். ஹெச்-இண்டெக்ஸ் அப்போதும் 8. 94 வாங்கிய அந்தக் கட்டுரையை எழுதவே இல்லை என்று வைத்துக்கொண்டால்? 7. உங்கள் மிகப் பெரிய கட்டுரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். மாறாக, 8 வாங்கிய கட்டுரைக்கு இன்னும் ஒன்றும், 6 வாங்கிய கட்டுரைக்கு இன்னும் மூன்றும் கிடைத்தால், நான்கே நான்கு சைட்டேஷனில் 9 ஆகிவிடுவீர்கள். அடுத்து எழுதும் மூன்று கட்டுரைகளில் உங்களையே நீங்கள் எடுத்தாண்டாலும் போதும். இதைக் கேட்டதும் அப்பா முகம் எப்படி மாறுகிறதென்று பாருங்கள். தன் கணக்கிலிருந்து தன் கணக்குக்கே பணம் மாற்றி இருப்புக் காட்டுகிற ஆட்களை வங்கியில் இருந்தவர் பார்க்காமலா இருந்திருப்பார்? ஏடிஎஸ்ஸிலும் அதைப் பார்க்க வழி இருக்கிறது. சுயமேற்கோள் எத்தனை என்று தனியாகவே காட்டும். உங்களுக்கு 19. பத்து வருட வேலைக்கு இது ஒழுங்கான எண்தான், கூச்சப்பட ஒன்றுமில்லை.

சரி, எட்டு என்பது குறைவா? ஹிர்ஷே அந்த 2005 கட்டுரையில், பிழை எல்லை ரொம்பப் பெரியது என்ற எச்சரிக்கையோடு, பெரிய ஆய்வுப் பல்கலைக்கழகங்களின் இயற்பியல் துறையில் இணைப் பேராசிரியராக உயர்த்தும் கட்டத்தில் 12-ம், முழுப் பேராசிரியராகும்போது 18-ம் இருக்கலாம் என்று ஒரு குத்துமதிப்புச் சொன்னார். நீங்கள் விண்ணப்பிப்பது அதற்கும் முந்தைய படி. உங்களைக் கேள்வி கேட்டவர் அந்தக் கட்டுரையைப் படித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஹிர்ஷே 2020-ல், தன் குறியீடு சில சமயம் படுமோசமாகத் தவறிப்போகிறது, வேண்டாத விளைவுகளைக் கொண்டுவருகிறது என்று எழுதினார். கண்டுபிடித்தவரே கைவிரித்த பிறகும் நம் ஊர்ப் படிவங்களில் அந்தக் கட்டம் மட்டும் போகவில்லை.

இப்போது உங்கள் நண்பரின் 60. பொறாமைப்பட வேண்டாம், இளக்காரமும் வேண்டாம். ஈர்ப்பலையை நேரடியாகக் கண்டறிந்ததை 2016 பிப்ரவரியில் அறிவித்த கட்டுரையில் ஆயிரம் பேருக்கு மேல் ஆசிரியர்கள். 2017-ல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதைப் பல தொலைநோக்கிகள் சேர்ந்து பார்த்தார்களே, அந்தக் கூட்டுக் கட்டுரையில் மூவாயிரத்துக்கும் மேல். இப்படிப்பட்ட குழுவில் இருப்பவர்களுக்கு, குழு வெளியிடும் கட்டுரைகளில் எல்லாம் பெயர் வரும். பலவற்றுக்கு நூற்றுக்கணக்கில், சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கில் சைட்டேஷன் விழும். அது ஏமாற்று இல்லை. லேசர் பாதையில் ஒரு கண்ணாடியின் அதிர்வை அடக்க நான்கு வருடம் செலவழித்தவர் பெயரும் அதில் இருக்கத்தான் வேண்டும். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா என்ற ஈர்ப்பலை ஆய்வகம் கட்ட 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்ததே, அதற்கும் இப்படிப்பட்ட ஆட்கள்தான் தேவை. ஆனால் அந்த 60 அவர் ஒருவருடைய எண் இல்லை, ஊர் கூடித் தேர் இழுத்த எண். வடம் பிடித்தவர்கள் எல்லோருக்கும் கிட்டத்தட்ட அதே எண்தான் இருக்கும். உங்கள் எட்டோ, மூன்று பேர் நான்கு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரைகளில் வந்தது.

ஏடிஎஸ்ஸின் அளவீட்டுப் பக்கத்தில் 'நார்மலைஸ்டு' என்று ஒரு வரிசை இருக்கிறது, பலர் கண்ணில் படுவதில்லை. ஒவ்வொரு கட்டுரையின் சைட்டேஷனையும் அதன் ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்துக் கூட்டித் தருவது. 10,000 சைட்டேஷன் பெற்ற கட்டுரையை 1,000 பேர் எழுதியிருந்தால் ஆளுக்கு 10. உங்கள் பட்டியல் கட்டுரையை எழுதியது மூன்று பேர். 94-ஐ வகுத்தால் ஆளுக்கு 31. இதையே வைத்துக்கொண்டு நண்பரை மட்டம் தட்டினால் அதுவும் தவறுதான், ஏனென்றால் தேரை ஆளுக்கொரு துண்டாகப் பிரித்து யாரும் இழுப்பதில்லை. இன்டர்வியூவில் மறுபடி அந்தக் கேள்வி வந்தால், "சார், அவர் இருப்பது ஆயிரம் பேர் குழு, நான் செய்தது மூன்று பேர் வேலை. என்னுடைய 14-ல் ஏழுக்கு நான் முதல் ஆசிரியர். அதில் எதை வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். கேட்டவர் அடுத்து என்ன செய்கிறார் என்பதிலிருந்தே அந்தத் துறை எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து 94-ம் 6-ம். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டும்.

சைட்டேஷன் என்பது மார்க் இல்லை. யாரும் உட்கார்ந்து உங்கள் கட்டுரையைத் திருத்தி 94 போடவில்லை. 94 பேர் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தபோது, வழியில் உங்கள் பொருள் தேவைப்பட்டது, எடுத்தார்கள், எங்கிருந்து எடுத்தோம் என்று எழுதிவைத்தார்கள். பக்கத்து வீட்டு ஏணி மாதிரி. தெருவில் யார் வீட்டு ஏணி அதிகம் கடன் போகிறது என்பதை வைத்து யார் நல்ல தச்சர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த ஏணி உயரம் சரியாக இருக்கிறது, கேட்டால் கொடுக்கிறார்கள் என்று சொல்லலாம்.

2018 ஏப்ரல் 25-ல் கையா விண்கலத்தின் இரண்டாம் தரவு வெளியானது. 130 கோடிக்கும் அதிகமான விண்மீன்களின் இடமும் நகர்வும் தூரமும் ஒரே நாளில் உலகத்துக்கே இலவசமாகக் கிடைத்தன. நீங்கள் அதை உடனே பிடித்துக்கொண்டு, சில விண்மீன் கொத்துகளில் எது உண்மையான உறுப்பினர், எது வழிப்போக்கன் என்று பிரித்துப் பட்டியல் போட்டீர்கள். அந்தப் பட்டியலை ஸ்ட்ராஸ்பூர்க் வானியல் தரவு மையத்தின் விசியர் தளத்தில் ஏற்றியும் வைத்தீர்கள். ஒரு சொடுக்கில் இறக்கிக்கொள்ளலாம். 94-ன் ரகசியம் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது. வானியலில் அதிகம் எடுத்தாளப்படும் கட்டுரைகளில் இந்த வகை நிறைய. 1998-ல் ஷ்லெகல், ஃபிங்க்பைனர், டேவிஸ் மூவரும் நம் விண்மீன் மண்டலத்துத் தூசிக்கு ஒரு வரைபடம் போட்டார்கள். அதன் சைட்டேஷன் பத்தாயிரத்தைத் தாண்டி எங்கோ போய்விட்டது. வானத்தில் எதைப் பார்த்தாலும் நடுவில் தூசி. அதைக் கழித்தாக வேண்டும். கழித்தவர்கள் எல்லோரும் அவர்கள் பெயரை எழுதினார்கள். அது மகத்தான வேலை. ஆனால் தூசியைக் கழிக்கத் தேவையே இல்லாத ஒரு கணிதக் கட்டுரை அதைவிட மட்டம் என்று சொல்வீர்களா?

எதிர்ப்பக்கமும் உண்டு. விண்மீனின் வெப்பத்தையும் அதன் அணுக்களின் அயனியாக்கத்தையும் இணைத்து மேகநாத் சாகா 1920-ல் கொடுத்த சமன்பாடு இல்லாமல், விண்மீன் ஒளியைப் பிரித்து அளக்கும் உங்கள் நிறமாலை வேலை ஒரு நாள்கூட ஓடாது. நீங்கள் 14 கட்டுரைகளில் எதிலாவது அவருடைய மூலக் கட்டுரையை மேற்கோள் பட்டியலில் சேர்த்தீர்களா? நான் பார்த்தேன், இல்லை. வெள்ளைக் குள்ள விண்மீனின் நிறைக்கு உச்ச எல்லையான சந்திரசேகர் வரம்பு என்று நாள்தோறும் சொல்கிறார்கள். 1931-ல் வந்த அந்த இரண்டு பக்கக் கட்டுரையைத் தேடிப்போய் எடுத்தாள்பவர்கள் எத்தனை பேர்? ஒரு விஷயம் எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டால் யாரும் ரசீது எழுதுவதில்லை.

இப்போது அந்த 6. வயதாகி ஊதிப்போன சிவப்பு ராட்சத விண்மீன்களில் லித்தியம் கரைந்து போயிருக்க வேண்டும். ஆனால் நூற்றுக்கு ஒன்று போல சிலவற்றில் ஏராளமாக இருக்கிறது, ஏன் என்பது உங்கள் கேள்வி. வானாய்வகம் இருக்கும் காவலூர் மலைக்குப் போய், வடகிழக்குப் பருவமழை மேகம் விழுங்கிய இரவுகளைக் கழித்து, மிஞ்சிய இரவுகளில் 6708 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் இருக்கும் லித்தியத்தின் அந்த ஒற்றைக் கோட்டை விண்மீன் விண்மீனாக அளந்திருக்கிறீர்கள். மூன்று வருடம் ஆகாமல் எப்படி?

அந்த ஆறு சைட்டேஷனையும் நான் ஒவ்வொன்றாகத் திறந்து, உங்கள் பெயர் வரும் இடத்தைப் படித்தேன். நீங்கள் செய்தீர்களா என்று தெரியவில்லை. பலரும் எண்ணைப் பார்ப்பதோடு சரி. இரண்டு நீங்களே எழுதியவை. ஒன்றில் முன்னுரையில், அடைப்புக்குறிக்குள், பதினோரு பேரோடு பன்னிரண்டாவதாக நிற்கிறீர்கள். அவர் உங்கள் கட்டுரையின் சுருக்கத்தைத் தாண்டிப் போயிருக்க மாட்டார். இரண்டில் உங்கள் லித்தியம் அளவுகளை அப்படியே தங்கள் அட்டவணைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள், அது நல்ல வரவு. ஆறாவது ஆள்தான் முக்கியமானவர். உங்கள் விண்மீன்களில் ஒன்றின் வெப்பநிலையை 150 கெல்வின் அதிகமாக வைத்துவிட்டீர்கள், அதனால் லித்தியம் அளவும் கூடித் தெரிகிறது என்று முக்கால் பக்கம் எழுதியிருக்கிறார். உலகத்தில் உங்கள் கட்டுரையை வரி விடாமல் படித்த ஒரே மனிதர் அவர். எண்ணிக்கையில் அவரும் ஒன்று, அந்தப் பன்னிரண்டாவது இடம் கொடுத்தவரும் ஒன்று. அவர் சொல்வது சரியா என்று பாருங்கள். சரியென்றாலும் தவறென்றாலும் இந்த வாரமே அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வானியலில் பல கூட்டு ஆய்வுகள் சண்டையில்தான் ஆரம்பித்திருக்கின்றன.

இன்னொரு சின்னக் குறை. இந்தக் கட்டுரையின் அட்டவணை எங்கே இருக்கிறது? ஒன்பதாம் பக்கத்தில், பக்கவாட்டில் திருப்பி, கண்ணுக்குத் தெரியாத எழுத்தில். அதை விசியரில் ஏற்றவே இல்லை. வேண்டுமென்றால் ஒருவர் 60 விண்மீன்களின் அளவையும் கையால் தட்டெழுதிக்கொள்ள வேண்டும். ஏணியைப் பரண்மேல் போட்டுவிட்டு யாரும் கேட்கவில்லையே என்றால் எப்படி? அந்த அட்டவணையை முறைப்படி தரவு மையத்துக்கு அனுப்புங்கள். இப்போதும் அனுப்பலாம்.

புதுச்சேரிக்காரியான நான் இந்த இடத்தில் ஒரு கதை சொல்லாமல் போக முடியாது. லெ ஜான்டீ என்ற பிரெஞ்சு வானியலாளர், வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க இங்கே வந்தார். 1761 ஜூன் 6-ல் கடந்தது. அதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டதால் கரையிறங்க முடியாமல், ஆடுகிற கப்பலிலிருந்து வெறுமனே பார்த்தார். எட்டு வருடம் காத்திருந்து, புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததும், இடிந்துபோன கோட்டை மிச்சத்தின் மேல் கூடம் கட்டிக்கொண்டு 1769 ஜூன் 4 விடியற்காலையில் உட்கார்ந்தார். மேகம் மூடியது. கடந்து முடிந்ததும் வெயில் அடித்தது. 1771-ல் ஊர் திரும்பினால், இறந்துவிட்டதாக முடிவு கட்டிச் சொத்தைப் பங்கு பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள், பிரெஞ்சு அறிவியல் அகாதமியில் அவர் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. வெள்ளிக்கு அவர் கணக்கில் சைபர். ஆனால் காத்திருந்த நாட்களில் நம் ஊர்த் தமிழர்களிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டு எழுதிவைத்தார். பின்னால் ஜான் வாரன் என்பவரும், இங்கே ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சிப்பிகளை அடுக்கி, எண்களைச் சொற்களில் பொதிந்த மனப்பாட வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணம் கணித்ததைக் கவனித்து 1825-ல் சென்னையில் வந்த தன் 'கால சங்கலித'த்தில் பதித்தார். அதை எடுத்துத் தமிழ் வானியல் என்றே தலைப்பிட்டுப் வானியல் வரலாற்றின் பெரிய அறிஞர் ஓட்டோ நொய்கெபௌவர் கட்டுரை எழுதியது 1952-ல். 127 வருடம்! நிலவுக்கு நம் வாக்கிய முறை வைத்திருக்கும் 248 நாள் கணக்குக்கும் பாபிலோனுக்கும் உள்ள தொடர்பை அவர் காட்டினார். 6 சைட்டேஷன் வாங்கிய உங்கள் கட்டுரைக்கு வயது ஐந்துகூட ஆகவில்லை.

அந்தப் பஞ்சாங்கக்காரர் பெயர் என்ன தெரியுமா? வாரன் 'சஷியா' என்று எழுதியிருக்கிறார். சேஷையாவாக இருக்கும் என்பது என் ஊகம். பெயர் சிதைந்துபோனால் ஆளும் போய்விடுகிறார் என்பதற்காகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் 263-க்கும் 215-க்கும் நடுவில் இருக்கும் சங்கதியும் அதுதான்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பத்திரிகைகளுக்கோ கடைசிப் பெயர் வேண்டும். சிலர் அப்பா பெயரை விரித்து எழுதுவார்கள், சிலர் ஊர்ப் பெயரை. நீங்கள் நான்கு விதமாக எழுதியிருக்கிறீர்கள்: இனிஷியல் முன்னால், இனிஷியல் பின்னால், அப்பா பெயர் முழுதாக, ஒரு கட்டுரையில் அச்சகத்தார் அப்பாவையே ஆசிரியராக்கிவிட்டார்கள். உங்கள் பெயரும் அதே இனிஷியலும் உள்ளவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள்! அதனால் கூகுள் ஸ்காலர், இறால் பண்ணைக் குட்டைகளின் உப்புத்தன்மை பற்றிய ஒரு கட்டுரையை உங்கள் பக்கத்தில் சேர்த்துவிட்டது. அதற்கு 37 சைட்டேஷன். அது போனால் 263 உடனே 226 ஆகும். உங்கள் 9-ம் எட்டாகிவிடும். மீதி 11, ஸ்காலர் ஆய்வேடுகளையும் கருத்தரங்கச் சுருக்கங்களையும் சேர்த்து எண்ணுவதால் வந்தது. ஏடிஎஸ் நாசாவின் பணத்தில், ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் மையத்தில் நடப்பது, வானியலையும் இயற்பியலையும் மையமாகக் கொண்டது, ஆர்க்கைவ் என்ற முன்பதிப்புத் தளத்தில் போட்ட வடிவத்தையும் பத்திரிகையில் வந்த வடிவத்தையும் ஒன்றாக இணைத்துவிடும். நம் துறைக்கு நம்பத்தக்க கணக்கு அதுதான்.

இதில் எனக்கு ஒரு பழைய வலி இருக்கிறது. பணியில் இருந்த நாளில் ஒரு பெண் விஞ்ஞானியின் பதவி உயர்வுக்காக மேற்கோள் அறிக்கை தயாரித்துக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். நான் தேடியது பின்னதை மட்டும். அவருடைய முதல் எட்டு வருட வேலை அறிக்கையிலேயே இல்லை. குழு 'போதாது' என்று தள்ளிவைத்தது. பிழை தெரிந்து திருத்திக் கொடுத்தபோது அந்த வருடக் கூட்டம் முடிந்திருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அப்போது ஆய்வாளர் ஒவ்வொருவருக்குமான தனி அடையாள எண்ணான ஆர்சிட் கிடையாது; 2012-ல்தான் வந்தது. உங்களுக்கு அது இருக்கிறது, ஆனால் உள்ளே மூன்று கட்டுரைதான் சேர்த்திருக்கிறீர்கள். பதினான்கையும் சேர்த்து ஏடிஎஸ்ஸோடு இணையுங்கள். இனி எந்தக் கட்டுரையிலும் ஒரே வடிவத்தில் பெயர் எழுதுங்கள். கல்யாணமானாலும்.

சீனியர் சொன்ன பண்டமாற்றுக்கு வருகிறேன். நியாய அநியாயத்தை விடுங்கள், முதலில் லாபக் கணக்கே உதைக்கிறது. வருடத்துக்கு நான்கு கட்டுரை கூடினாலும் அவை இரண்டும் மூன்றுமாக சைட்டேஷன் வாங்கினால், அப்பாவின் தாளில் வலது ஓரத்தில்தான் போய் நிற்கும். ஹெச்-இண்டெக்ஸ் எட்டை விட்டு நகராது. கட்டுரை எண்ணிக்கை மட்டும் 14 என்பது 30 ஆகும், ஒரு கட்டுரைக்கு இவ்வளவுதானா என்று அடுத்த கேள்வி வரும். அதைவிட மோசம், "இந்தக் கட்டுரையில் உங்கள் பங்கு என்ன?" என்று குழுவில் ஒருவர் ஏதாவது ஒன்றைத் தொட்டுக் கேட்டால் வாயடைத்து நிற்க வேண்டும். அந்தக் கட்டுரையில் தரவுப் பிழை என்று திரும்பப் பெற்றுக்கொண்டால் உங்கள் பெயரும் சேர்ந்தே இறங்கும். இந்தியாவில் நிறமாலை வானியல் செய்பவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் அடங்குவார்கள். யார் எதில் வேலை செய்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். "அண்ணா, நான் அளந்த விண்மீன் ஏதாவது உங்க பேப்பர்ல இருந்தா என் பேரைப் போடுங்க, இல்லேன்னா வேணாம்" என்று சொல்லிவிடுங்கள். பகை வராது.

விண்ணப்பத்தில் எண் கேட்டால் எண்ணைக் கொடுங்கள். தத்துவம் பேசிக் கட்டத்தைக் காலியாக விட்டால் எழுத்தரே ஒதுக்கிவிடுவார். இப்படி எழுதலாம்: "நடுவர் பார்த்து வெளியான கட்டுரைகள் 14, முதல் ஆசிரியராக 7, மொத்த மேற்கோள் 215, அதில் சுயமேற்கோள் 19, ஹெச்-இண்டெக்ஸ் 8, ஆதாரம் ஏடிஎஸ், பார்த்த தேதி இது." தேதி முக்கியம். எண் மாறிக்கொண்டே இருக்கும். தேதி இல்லாத இருப்புச் சான்றிதழை எந்த வங்கி ஏற்கும்? அதன் கீழே மூன்றே கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் என்ன கண்டீர்கள், அதில் உங்கள் கை எது என்று இரண்டு வரி. அந்த மூன்றில் லித்தியம் கட்டுரையும் இருக்கட்டும்.

பத்திரிகையின் இம்பாக்ட் ஃபாக்டரை உங்கள் பெயரோடு சேர்த்து எழுத வேண்டாம். அது பத்திரிகையில் வரும் கட்டுரைகளின் சராசரி மேற்கோள் எண்ணிக்கை, உங்களுடையது இல்லை. தனி மனிதரை அதை வைத்து எடைபோடக் கூடாது என்று 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய பிரகடனத்தில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. அப்புறம், 'உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்' என்று ஃப்ளெக்ஸ் பேனர் பார்த்திருப்பீர்கள். ஸ்டான்ஃபோர்டின் அயோனிடிஸ் குழு ஸ்கோப்பஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்திலிருந்து போடும் பட்டியல் அது. அது விருது இல்லை. ஆனால் அந்தப் பட்டியலிலேயே சுயமேற்கோள் சதவீதத்துக்கு ஒரு நெடுவரிசை இருக்கிறது, பேனர் அடிப்பவர்கள் அதை மட்டும் அச்சிடுவதில்லை.

விண்ணப்பத்தின் கடைசித் தேதி 20 என்று எழுதியிருக்கிறீர்கள், நாள் இருக்கிறது. ஆர்சிட்டும் அட்டவணையும் வரும் வாரம் பார்த்துக்கொள்ளலாம். அந்த இறாலை மட்டும் இன்று ராத்திரியே உங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அதை எழுதியவரும் உங்களைப் போலவே எங்கோ ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, 37 எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருப்பார்.